எச்.எம். நேரமெல்லாம் எங்க போகுது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்னு ஒண்ணு இருக்குல்ல, அதோட கடைசியில வர்ற அட்டவணைய எடுத்துப் பாருங்க. ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் இருக்கற பள்ளியில 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரைக்கும் மூணு டீச்சர், இப்படியே ஏறிப்போய் 150 பிள்ளைங்களுக்கு மேல இருந்தாதான் தனியா ஒரு தலைமை ஆசிரியர், அதாவது எச்.எம். ஆறுல இருந்து எட்டு வரைக்கும்னா 100 பிள்ளைங்களுக்கு மேல போனாதான் முழுநேர எச்.எம். இப்ப உங்க ஊர் அரசு தொடக்கப் பள்ளிய நினைச்சுப் பாருங்க. 150 பிள்ளைங்க இருக்காங்களா? நிறைய ஊர்ல முப்பது நாப்பது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர், அதுல ஒருத்தர்தான் எச்.எம். ஊர்ல பெரிய டீச்சர்னு சொல்வாங்க. அவங்க ரெண்டு மூணு வகுப்ப ஒண்ணா உக்கார வச்சு பாடமும் நடத்தணும், பள்ளிக்கூடத்தையும் நடத்தணும்.

பள்ளித் தலைமை பத்தி நாட்டுல நிறைய பேசறாங்க, பயிற்சி, மாட்யூல், விஷன் பிளான்னு. அதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா தமிழ்நாட்டு அரசுப் பள்ளி எச்.எம்.களோட இன்னைக்கு நிலைமையப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல பாக்க வேண்டியது அவங்க நேரம் எங்க போகுது, அவங்க கையில என்ன அதிகாரம் இருக்கு, எதுக்கெல்லாம் அவங்க பதில் சொல்லணும்ங்கறததான். பொறுப்பு வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது, நேரமும் ஆளும் பணமும் அந்த அளவுக்கு கூடல, இதுதான் பிரச்சினையோட வேர்னு நான் நினைக்கறேன். மத்த எல்லாம் இதுல இருந்து கிளைக்கறதுதான்.

ஒரு ரெண்டு ஆசிரியர் பள்ளியோட காலை நேரத்த மட்டும் எடுத்துக்குவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. பிள்ளைங்களுக்கு இதவிட நல்ல திட்டம் சமீபத்துல வரலன்னு தைரியமா சொல்லலாம், வெறும் வயித்தோட வர்ற பிள்ளைக்கு என்ன பாடம் ஏறும்? சமைக்கறது மகளிர் சுய உதவிக் குழு. ஆனா எட்டரை மணி வாக்குல உப்புமா சாம்பாரோ பொங்கலோ வந்து எறங்கும்போது அங்க யாரோ நிக்கணும், ருசி பாக்கணும், எத்தன பிள்ளைங்க சாப்பிட்டாங்கன்னு கணக்கு இருக்கணும், தண்ணி வந்துச்சா, தட்டு கழுவற எடம் சுத்தமா இருக்கான்னு பாக்கணும். பெல் அடிச்சு பிரேயர் முடிஞ்சதும் வருகைப்பதிவ ஆப்ல ஏத்தணும், டவர் கிடைக்கலன்னா போனத் தூக்கிட்டு கிரவுண்டுக்கு வரணும். நடுவுல வாட்ஸ்அப் குரூப்ல பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல இருந்து "மிக அவசரம், 11 மணிக்குள்"னு ஒரு கூகுள் ஷீட் வரும், போன வாரம் அனுப்புன அதே விவரம் வேற ஃபார்மட்ல. அப்புறம் மதிய உணவு, முட்டை. அன்னைக்குன்னு பாத்து ரெண்டாவது டீச்சர் குறுவள மையப் பயிற்சிக்குப் (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள ஒண்ணா சேத்து வச்சிருக்கற மையம்) போயிருந்தா அஞ்சு வகுப்பும் ஒரே ஆள் கையில. இதுல எந்த நேரத்துல போய் ஒரு பிள்ளை வாசிக்கறத பக்கத்துல உக்காந்து கேக்கறது?

எமிஸ் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எச்.எம்.கள் ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு அங்கதான் போய் நிக்கும். கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்புன்னு 2012 வாக்குல தமிழ்நாட்டுல கொண்டு வந்தாங்க. அதோட அடிப்படை யோசனை நல்ல யோசனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர், பள்ளி மாறினாலும் அந்தப் பிள்ளை தொலைஞ்சு போகாது, இடைநிற்றல் யாருன்னு பேரோட தெரியும், விலையில்லாப் பொருள் யாருக்கு எத்தன வேணும்னு முன்னாடியே கணக்குப் போடலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதிரி மாசம் 1000 ரூபாய் வர்ற திட்டங்களுக்கும், மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் "இந்தப் பிள்ளை ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சுது"ன்னு காட்ட வேண்டியிருக்குல்ல, அதுக்கெல்லாம் இந்த டேட்டா உதவுது. பிரச்சினை என்னன்னா காலப்போக்குல எல்லாத்தையும் இதுக்குள்ள கொண்டு வந்து கொட்டிட்டாங்க. உயரம் எடை, ஷூ சைஸ், ஆதார், வங்கிக் கணக்கு, நூலகப் புத்தகம் யார் எடுத்தா, மன்றக் கூட்டம் நடந்துச்சா, கலைத் திருவிழாவுல யார் எதுல கலந்துக்கிட்டா, எண்ணும் எழுத்தும்ங்கற சின்ன வகுப்புத் திட்டத்தோட மதிப்பீடு, எல்லாம் தனித்தனியா ஏறணும். டேட்டா சரியா இல்லன்னா பாதிக்கப்படறது பிள்ளை, திட்டு வாங்கறது எச்.எம்.

நடுநிலைப் பள்ளிகள்ல ஹைடெக் லேப் வந்தப்போ அத பாத்துக்க ஒரு ஆளையும் போட்டு எமிஸ் வேலையும் அவங்க பாக்கற மாதிரி பண்ணினாங்க. அங்க எச்.எம்.களுக்கு கொஞ்சம் மூச்சு விட முடியுது. தொடக்கப் பள்ளிக்கு அது இல்ல. கிளர்க் இல்ல, அட்டெண்டர் இல்ல, வாட்ச்மேன் இல்ல, துப்புரவுக்கு வர்றவங்க கொஞ்சூண்டு சம்பளத்துக்கு பகுதி நேரமா வந்துட்டுப் போறவங்க. மேல்நிலைப் பள்ளியில இளநிலை உதவியாளர் பணியிடம்னு ஒண்ணு இருக்கும், அதுவும் பல எடத்துல காலியா கிடக்கும். அப்ப பில் எழுதறது, சர்வீஸ் ரிஜிஸ்டர் பாக்கறது எல்லாம் ஏதோ ஒரு பி.டி. டீச்சர் (பட்டதாரி ஆசிரியர்) தலையில விழும். அந்த டீச்சரோட வகுப்பு என்னாகும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, அதே கல்வி உரிமைச் சட்டத்தோட 27வது பிரிவு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இந்த மூணத் தவிர வேற எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியர்கள அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா அந்த மூணே இப்ப எக்கச்சக்கம். 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தப்போ பி.எல்.ஓ.வா (வாக்குச்சாவடி நிலை அலுவலரா) இருந்த டீச்சருங்க வீடு வீடா படிவத்தோட அலைஞ்சாங்க. 2027 கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் எடுக்கறது 2026லயும், ஆள் கணக்கு எடுக்கறது 2027 பிப்ரவரிலயும்னு அறிவிச்சிருக்காங்க. பிப்ரவரின்னா பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடக்கற மாசம். ஒரு எச்.எம். இத முன்கூட்டியே கணக்குல வச்சு, யாருக்கு டியூட்டி வந்தா யார் வகுப்ப யார் எடுக்கறதுன்னு ஜூன்லயே யோசிச்சு வச்சுக்கறது நல்லது, கடைசி நேரத்துல ஆர்டர் வந்ததும் யோசிச்சா முடியாது.

அடுத்து பணம். பள்ளிக்குன்னு வருஷத்துக்கு எவ்வளவு வருது தெரியுமா? மத்திய அரசும் மாநில அரசும் சேந்து பணம் போடற சமக்ர சிக்‌ஷா விதிப்படி ஒருங்கிணைந்த பள்ளி மானியம்னு ஒண்ணு. 30 பிள்ளைங்க வரைக்கும் இருந்தா 10,000 ரூபாய், 31ல இருந்து 100 வரைக்கும் 25,000, 101ல இருந்து 250 வரைக்கும் 50,000, 251ல இருந்து 1000 வரைக்கும் 75,000, அதுக்கு மேல ஒரு லட்சம். அதுலயும் பத்து சதவீதத்துக்குக் குறையாம சுகாதாரப் பணிக்கு ஒதுக்கணும். 28 பிள்ளைங்க இருக்கற பள்ளிக்கு பத்தாயிரம், மாசத்துக்கு 833 ரூபாய். சாக்பீஸ், பினாயில், துடப்பம், ரிஜிஸ்டர், பிரிண்ட் அவுட், மோட்டார் ரிப்பேர், உடைஞ்ச பைப்பு எல்லாம் அதுக்குள்ள. ஒரு தடவ மோட்டார் காயில் போச்சுன்னா அந்த வருஷ மானியத்துல பாதி போச்சு.

வந்த பணத்த செலவு பண்றதும் லேசான காரியம் இல்ல. முன்ன மாதிரி செக் எழுதிக் குடுக்க முடியாது. இப்ப எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கணக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு, பணம் மேல மாநிலக் கணக்குலதான் இருக்கும், உங்களுக்கு ஒரு லிமிட் மட்டும் ஒதுக்குவாங்க. பி.எஃப்.எம்.எஸ்.ங்கற அரசுப் பணப் பட்டுவாடா தளத்துல போய் கடைக்காரர வெண்டரா பதிவு பண்ணணும், அவரோட பேங்க் விவரம் அப்ரூவ் ஆகணும், அப்புறம் பேமெண்ட் போட்டு பி.பி.ஏ.ன்னு ஒரு தாள பிரிண்ட் எடுத்து எச்.எம்.மும் எஸ்.எம்.சி. தலைவரும் கையெழுத்துப் போட்டு குறிப்பிட்ட நாளுக்குள்ள பேங்க்ல குடுக்கணும். எஸ்.எம்.சி. தலைவர் பெரும்பாலும் ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போறவங்க, அவங்க கையெழுத்து வாங்க சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போகணும், பேங்குக்கு மறுநாள் ஸ்கூல் நேரத்துல போகணும். இவ்வளவும் 600 ரூபாய் டியூப்லைட்டுக்கு. அதனாலதான் நிறைய எச்.எம்.கள் சின்னச் செலவெல்லாம் கைக்காசப் போட்டுட்டு விட்டுடறாங்க. அது பெரிய மனசு, ஆனா அத நம்பி ஒரு அமைப்பு ஓடக் கூடாது. ஊழல் நடக்காம இருக்கத்தான் இந்த முறை வந்துச்சு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, ஆனா சில ஆயிரம் ரூபாய் வரைக்குமாவது எச்.எம். கையில சில்லறைச் செலவுக்குன்னு ஒரு தொகை இருக்கணும், மாசா மாசம் எஸ்.எம்.சி. கூட்டத்துல கணக்கு வச்சுட்டா போச்சு.

இந்த மானியம் கூட நேரத்துக்கு வரல. சமக்ர சிக்‌ஷாவுல மத்திய அரசு 60, மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்துல தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுசா ஏத்துக்கணும்னு இருந்ததால தமிழ்நாடு அரசு கையெழுத்துப் போடல, மும்மொழிதான் அதுல முக்கியமான எடம். அதனால 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய மத்திய அரசு நிறுத்தி வச்சுது. 2025 மே மாசம் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, வட்டியோட சேர்த்து 2,291 கோடி கேட்டு. எந்தப் பக்கம் நியாயம்னு கேட்டா, கல்வி பொதுப்பட்டியல்ல இருக்கற விஷயம், ஒரு திட்டத்துக்குச் சம்மதிக்கலன்னு இன்னொரு திட்டத்தோட பணத்த நிறுத்தறது சரி இல்லன்னுதான் எனக்குப் படுது. ஆனா எச்.எம். கோணத்துல பாத்தா விஷயம் இன்னும் பக்கத்துல இருக்கு: இந்த சமக்ர சிக்‌ஷா பணத்துல இருந்துதான் சம்பளம் வாங்கறாங்க ஆசிரியர் பயிற்றுநர்கள், பகுதி நேர ஓவியம், உடற்கல்வி, தையல் ஆசிரியர்கள், மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், பிசியோதெரபிஸ்ட். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல நடக்கற இழுபறியோட விளைவ வராண்டாவுல நின்னு பதில் சொல்றது எச்.எம்.தான், வாரா வாரம் பிசியோதெரபிக்கு பிள்ளையத் தூக்கிட்டு வர்ற அம்மாகிட்ட.

சரி, இந்த நாற்காலிக்கு யார் வர்றா? இங்கதான் இப்ப பெரிய முடிச்சு. 2010 ஆகஸ்ட் 23ல என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் நடத்தற ஆசிரியர்களுக்கு டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம்னு அறிவிச்சுது, தமிழ்நாடு 2011ல அத ஏத்துக்கிட்டுது. அதுக்கு முன்னாடி வேலைக்கு வந்தவங்க என்ன பண்றதுன்னு வருஷக்கணக்கா குழப்பம். 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட், பழைய ஆசிரியர்கள் வேலையில தொடரலாம், ஆனா பதவி உயர்வு வேணும்னா டெட் பாஸ் பண்ணியிருக்கணும்னு சொல்லிடுச்சு. அதோட பதவி உயர்வு கவுன்சிலிங் எல்லாம் சிக்கிக்கிச்சு. 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேல போச்சு: ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கற எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும், இல்லன்னா வேலைய விட்டுப் போகணும் இல்ல கட்டாய ஓய்வு. அஞ்சு வருஷத்துக்குள்ள ஓய்வு பெறப் போறவங்க டெட் இல்லாமலே தொடரலாம், ஆனா பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தற பள்ளிகளுக்கு இது பொருந்துமாங்கற கேள்விய மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பிட்டாங்க. தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு போட்டுது.

இதோட அர்த்தம் என்னன்னு கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். எச்.எம். ஆகற வயசு நாப்பத்தஞ்சு, அம்பது. அந்த வயசுல இருக்கறவங்க பெரும்பாலும் 2011க்கு முன்னாடி வந்தவங்க. அவங்க மேல வர முடியாம நின்னா பணியிடம் காலியா கிடக்கும், அங்க ஒரு மூத்த ஆசிரியர பொறுப்பு எச்.எம்.னு போடுவாங்க. பொறுப்பு எச்.எம்.முக்கு வேலை முழுசா உண்டு, அந்தப் பதவியோட சம்பளம் இல்ல, கூட வேலை பாக்கறவங்க மேல அதிகாரம்னு சொல்லிக்கற மாதிரியும் இல்ல, தன் வகுப்பையும் விட முடியாது. நாளைக்கு நிரந்தரமா ஒருத்தர் வருவாங்கன்னு இருக்கற எடத்துல அடுத்த வருஷத்துக்குன்னு எப்படித் திட்டம் போடறது? தரமான ஆசிரியர் வேணும்ங்கறது நியாயம். ஆனா இருவது வருஷம் பாடம் நடத்துனவங்கள இப்ப திடீர்னு தேர்வு அறைக்கு அனுப்பறதுல தரம் கூடிடும்னு எனக்குத் தோணல. இடைப்பட்ட நேரத்துல ஐம்பது வயசு எச்.எம். ஒருத்தர் ராத்திரி குழந்தை உளவியல் புக்க வச்சுக்கிட்டு எம்.சி.க்யூ. போட்டுப் பாக்கறார், அந்த நேரம் அவர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

இதோட 2023 டிசம்பர்ல வந்த அரசாணை 243ம் சேந்துக்கிச்சு. அதுவரைக்கும் தொடக்கக் கல்வியில பதவி உயர்வு ஒன்றிய அளவு சீனியாரிட்டில நடக்கும், அத மாநில அளவுக்கு மாத்தினாங்க. தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களோட கூட்டமைப்பான டிட்டோஜாக் இத எதிர்த்து தொடர்ந்து போராடுது. தொடக்கப் பள்ளியில பெண்கள்தான் அதிகம், எச்.எம். ஆகணும்னா வேற மாவட்டத்துக்குப் போகணும்னா நிறைய பேர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இருந்த எடத்துலயே இருந்துடுவாங்கங்கறது அவங்க வாதம். எனக்கு அது சரின்னு படுது.

பாதுகாப்பு விஷயத்துக்கு வர்றேன், இத ஒவ்வொரு எச்.எம்.மும் வரி வரியா தெரிஞ்சு வச்சிருக்கணும். போக்சோ சட்டம் 2012, 19வது பிரிவு: ஒரு பிள்ளைக்கு பாலியல் குற்றம் நடந்திருக்குன்னோ நடக்கப்போகுதுன்னோ தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். 21வது பிரிவு: சொல்லலன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்புல இருக்கறவர் தனக்குக் கீழ வேலை செய்யறவர் பண்ணத மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் சிறையும் அபராதமும். இதுல "முதல்ல நாம விசாரிப்போம், உண்மையான்னு பாப்போம், ஸ்கூல் பேரு கெட்டுடும், பெத்தவங்களே வேண்டாம்ங்கறாங்க" எதுக்கும் எடமே இல்ல. உண்மையா பொய்யான்னு பாக்கறது போலீசோட வேலை. எச்.எம். செய்ய வேண்டியது பிள்ளை சொல்றத நிதானமா கேக்கறது, திரும்பத் திரும்ப பலர் முன்னாடி சொல்ல வைக்காம இருக்கறது, உடனே 1098ங்கற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ ஸ்டேஷனுக்கோ தகவல் சொல்றது, அத எழுத்துல நேரம் தேதியோட வச்சுக்கறது, மேலதிகாரிக்கும் தெரியப்படுத்தறது. மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன்ங்கறது போலீசுக்குச் சொன்னதா ஆகாது, இதுல நிறைய பேர் தடுமாறறாங்க. பள்ளிகள்ல மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி வச்சிருப்பாங்க, பிள்ளைங்க புகார் எழுதிப் போட. அது ஆபீஸ் ரூம் வாசல்ல எல்லார் கண்ணுக்கும் முன்னாடி இருந்தா எந்தப் பிள்ளையும் போடாது. 14417ங்கற உதவி எண்ண ஒவ்வொரு வகுப்புச் சுவர்லயும், முக்கியமா பெண் பிள்ளைங்க கழிப்பறைப் பக்கமும் எழுதி வைங்க.

கட்டடமும் அப்படித்தான். 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்துல 94 பிள்ளைங்க போனாங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளியோட கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பசங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் பழைய கட்டடங்கள இடிக்கற வேலை வேகமாச்சு. எச்.எம். கையில புல்டோசரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. இருக்கறது பேனா. விரிசல் கண்டதும் போட்டோ எடுத்து, பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) பி.இ.ஓ.வுக்கும் கடிதம் எழுதி, அதோட நகல்ல ஆபீஸ் சீல் வாங்கி வச்சுக்கிட்டு, அந்த அறையப் பூட்டிடணும். மரத்தடியில பாடம் நடக்கட்டும், பரவால்ல.

சாதி விஷயத்த தவிர்த்துட்டு தமிழ்நாட்டுல பள்ளித் தலைமை பத்தி பேச முடியாது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. கையில கலர் கயிறு வேண்டாம்ங்கறதத்தான் டிவியில பெருசா பேசினாங்க. எனக்கு அதவிட முக்கியமாப் பட்டது வேற ரெண்டு பரிந்துரை. ஒண்ணு, ஒரு பகுதியில எந்த சாதி ஆதிக்கமா இருக்கோ அந்த சாதியச் சேந்தவங்கள அங்க எச்.எம்.மாவோ கல்வி அலுவலராவோ போடறதத் தவிர்க்கணும்ங்கறது. இன்னொண்ணு, 500 பிள்ளைங்களுக்கு மேல இருக்கற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு தனியா பள்ளி நல அலுவலர் வேணும்ங்கறது. ரெண்டாவத நான் முழு மனசோட ஆதரிக்கறேன். ஏன்னா பஸ்ல எந்த சீட்ல யார் உக்காரணும்ங்கறதுல ஆரம்பிக்கற தகராறு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வளந்து, கபடி மேட்ச்ல வெடிக்கறத முன்கூட்டியே பாக்க ஒருத்தருக்கு முழுநேரமா கண்ணு வேணும். எச்.எம். அந்த நேரத்துல பப்ளிக் எக்ஸாம் எழுதற பிள்ளைங்களோட பட்டியல்ல (நாமினல் ரோல்) பேரும் இனிஷியலும் சரியான்னு பாத்துக்கிட்டு இருப்பார்.

இதுக்கு நடுவுல சேர்க்கை குறையற கவலை வேற. தமிழ்நாட்டோட கருவுறுதல் விகிதம் 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4, அதாவது பிள்ளைங்களே குறைவாதான் பொறக்கறாங்க, அதுலயும் ஒரு பங்கு ஊருக்குள்ள வர்ற மஞ்ச வேன்ல ஏறிப் போயிடுது. மே மாசம் எச்.எம்.கள் நோட்டீசோட வீடு வீடா போறத பாத்திருப்பீங்க. பிள்ளைங்க குறைஞ்சா டீச்சர் உபரின்னு போயிடுவாங்க, டீச்சர் போனா இருக்கற பிள்ளைங்களும் போயிடும். இத ஒரு எச்.எம்.மோட திறமைக் குறைவா பாக்கறது அநியாயம்.

இப்ப இருக்கற நிலைமையில கைக்கெட்டற உதவி என்னென்னன்னு சொல்றேன். முதல்ல பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதி பெண்கள். இத வெறும் கையெழுத்துக் கூட்டமா நடத்தினா ஒண்ணும் ஆகாது. ஆனா உருப்படியா நடத்துற எடத்துல நான் பாத்திருக்கேன், எச்.எம். பத்து கடிதம் எழுதி வராத தண்ணி இணைப்பு, எஸ்.எம்.சி. தீர்மானம் கிராம சபையில வாசிக்கப்பட்டதும் வந்துடுச்சு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்கு முந்தின வாரமே எஸ்.எம்.சி. கூட்டத்தப் போட்டு தீர்மானத்த தயாரா வச்சுக்கிட்டா தலைவரம்மா எழுந்து பேசுவாங்க, எச்.எம். பேசுறதவிட அவங்க பேசுறதுக்கு ஊர்ல எடை அதிகம். காலிப் பணியிடத்துக்கு தற்காலிக ஆசிரியர் போட அரசு அனுமதி குடுக்கற வருஷங்கள்ல ஆள எடுக்கறதும் இந்தக் குழு வழியாதான், 2022ல இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000னு தொகுப்பூதியம் வச்சாங்க.

ரெண்டாவது, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி. 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சது, முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் நேரடியா பள்ளிக்கு உதவி பண்ணலாம். இதுல எச்.எம். பண்ண வேண்டியது தேவைய துல்லியமா எழுதறது. "ஸ்மார்ட் கிளாஸ் வேண்டும்"னு எழுதாதீங்க, பக்கத்துப் பள்ளியில யூ.பி.எஸ். இல்லாம பெட்டிக்குள்ள தூங்குற திரைய பாத்திருப்பீங்க. "பெண் பிள்ளைங்க கழிப்பறைக்கு 500 லிட்டர் டேங்க், ரெண்டு கதவு, ஒரு நாப்கின் எரியூட்டி"ன்னு எழுதுங்க. பழைய மாணவர்கள் கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கத்தான் முதல்ல வருவாங்க, அன்பாதான் வருவாங்க, அவங்கள உக்கார வச்சு இந்தப் பட்டியலக் காட்டணும்.

படிப்புப் பக்கம் பாத்தா, டெல்லி நீபாவுல (கல்வித் திட்டமிடல், நிர்வாகத்துக்கான தேசிய நிறுவனம்) இருக்கற தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் எச்.எம்.களுக்குன்னு ஆன்லைன்ல இலவசமா ஒரு பாடத்திட்டம் நடத்துது, சக ஆசிரியர்கள எப்படி வளர்க்கறது, வகுப்பறைய எப்படிப் பாக்கறதுன்னு. நல்லாவே இருக்கு, நேரம் கிடைச்சா பண்ணுங்க. ஆனா அதவிட பலன் தர்றது பக்கத்துப் பள்ளி எச்.எம். குறுவள மையக் கூட்டத்துல சர்க்குலர் வாசிக்கறத பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு, மிச்ச நேரத்துல "எங்க பள்ளியில மூணாவதுல எட்டு பிள்ளைங்களுக்கு கூட்டெழுத்து வரல, உங்க பள்ளியில என்ன பண்ணீங்க?"ன்னு பேசினா அதுதான் உண்மையான பயிற்சி. ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வந்தா ரிஜிஸ்டரக் காட்டி அனுப்பாம ஒரு வகுப்ப எடுக்கச் சொல்லி, அந்த நாப்பது நிமிஷம் நீங்க போய் வேற வகுப்புல பின்னாடி உக்காந்து பாருங்க.

அரசாங்கத்துகிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அது பெரிய செலவும் இல்ல. ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு அலுவலக உதவியாளர். அந்த மையத்துக்குக் கீழ வர்ற தொடக்கப் பள்ளிகளுக்கு சுத்தி வந்து எமிஸ் பதிவு, பி.எஃப்.எம்.எஸ்., உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் திருத்தம் எல்லாத்தையும் அவங்க பாக்கட்டும். ஏற்கனவே நடுநிலைப் பள்ளிகள்ல லேப் ஆள் மூலமா இது நடக்குது, புதுசா கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணுமில்ல. ஒரு விவரத்த ஒரு தடவ வாங்கிட்டா மறுபடி கூகுள் ஷீட்ல கேக்கக் கூடாதுன்னு இயக்குநர் அலுவலகத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தாலே பாதி பாரம் குறையும். சங்கங்களோட கோரிக்கைப் பட்டியல்ல பென்ஷன், சம்பள முரண்பாடு எல்லாம் மேல இருக்கும், இது எங்கயோ கீழ கிடக்கும். இத மூணாவது நாலாவது எடத்துக்காவது கொண்டு வாங்க. பெற்றோர்களும் அடுத்த எஸ்.எம்.சி. கூட்டத்துல எங்க பள்ளிக்கு எழுத்து வேலைக்கு ஆள் வேணும்னு ஒரு தீர்மானம் போட்டு பி.இ.ஓ.வுக்கும் சி.இ.ஓ.வுக்கும் (முதன்மைக் கல்வி அலுவலர்) அனுப்புங்க, நகல் உங்க எம்.எல்.ஏ.வுக்கும் போகட்டும்.